வீட்டில் பிரஷர் பார்க்கிறீர்களா?

தாத்தா கட்டிலின் ஓரத்தில் கால்கள் தொங்க உட்கார்ந்திருக்கிறார். பேத்தி சட்டைக் கையின் மேலேயே பட்டையைச் சுற்றிப் பொத்தானை அமுக்குகிறாள். காற்று ஏறும்போதே, "காலையில் இரண்டு வடை சாப்பிட்டார், எழுதிக்கொள்" என்கிறார் பாட்டி. "ஒன்றுதான்" என்று தாத்தா வாதாடுகிறார். கருவி 158 காட்டுகிறது. வீடே பதறுகிறது.

அந்த 158-ஐ நம்ப முடியாது. முதுகுக்குச் சாய்மானம் இல்லை, பாதம் தரையில் படவில்லை, பட்டைக்கு அடியில் துணி, போதாக்குறைக்கு வடைச் சண்டை. இவை ஒவ்வொன்றும் அளவை ஏற்றிவிடும். கால்மேல் கால் போடுவதும், சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்கார்வதும் அப்படித்தான். காபி குடித்திருந்தால் அரை மணி நேரமாவது போகட்டும்.

கையை வைக்கும் இடத்தைப் பலர் பொருட்படுத்துவதே இல்லை. மேசைமீது தாங்கலாக, பட்டை நெஞ்சு மட்டத்தில் இருக்கவேண்டும். மடியில் வைத்தால் மேல் அளவு சுமார் 4 கூடும். தொங்கவிட்டால் 6, 7 கூடும். பட்டையின் அளவோ இதைவிடப் பெரிய விஷயம். மிகப் பெரிய பட்டை தேவைப்படும் பருமனான கையில், கருவியோடு வரும் சாதாரணப் பட்டையைச் சுற்றினால் 20 வரைகூட அதிகமாகக் காட்டும். கருவி வாங்கும்போது விலையை விசாரிக்கும் நாம், பட்டை எத்தனை சென்டிமீட்டர் கைக்கானது என்று கேட்பதில்லை.

எண் பிடிக்கவில்லை என்று அடுத்தடுத்துப் பத்து முறை அளப்பதிலும் பயனில்லை, பதற்றம்தான் கூடும். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்தால் போதும். காலையில் மாத்திரைக்கு முன், பிறகு மாலையில் என ஒரு வாரம் குறித்து, சராசரியை மருத்துவரிடம் காட்டுங்கள். மருத்துவமனையில் 140/90 எல்லை என்றால், வீட்டில் 135/85-தான் எல்லை. இது தெரியாமல் வீட்டில் 138 வந்ததும் "நார்மல்" என்று நிம்மதி அடைகிறவர்கள் உண்டு.

இவையெல்லாம் அளப்பதில் வரும் பிழைகள். என்னைக் கேட்டால், மாத்திரையைத் தாமாக நிறுத்துவதுதான் எல்லாவற்றிலும் மோசம். "120-க்கு வந்துவிட்டது, இனி எதற்கு?" என்கிறார்கள். பெரும்பாலும் மாத்திரை வேலை செய்வதால்தான் அது 120. நிறுத்தினால் பழையபடி ஏறும். சில மாத்திரைகளைச் சட்டென்று விட்டால் திடீரென்றே எகிறும். "எனக்குத் தலைவலி, கிறுகிறுப்பு எதுவும் இல்லையே" என்பதும் சரியான காரணமல்ல. உயர் ரத்த அழுத்தம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. சாந்தமானவர்களுக்கும் வரும், கோபக்காரர்களின் தனிச்சொத்து அல்ல.

மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கி விழுங்கும் டைக்ளோஃபினாக், இப்யூபுரூஃபன் போன்றவையும் அழுத்தத்தை ஏற்றக்கூடியவை. மருத்துவரிடம் பிரஷர் மாத்திரைச் சீட்டை மட்டும் காட்டிவிட்டு இதை மறைத்துவிடாதீர்கள்.

180/120-ஐத் தாண்டினால் சில நிமிடம் அமர்ந்து மறுபடி பாருங்கள். குறையவில்லை என்றால் அன்றே மருத்துவரிடம் பேசுங்கள். கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் குழறல், கைகால் மரத்துப்போதல் இருந்தால் மறுபடி அளந்துகொண்டிருக்க வேண்டாம், 108-ஐ அழையுங்கள்.