லோகியின் தலையெழுத்தைத் தொலைக்காட்சிக்கு எழுதுவது எப்படி?

காமிக்ஸில் வரும் தந்திரக்காரன் ஒருவனைத் தொலைக்காட்சித் தொடராக்க விரும்பும் திரைக்கதை எழுத்தாளர், கதை நிகழ்ச்சிகளை வரிசைப்படுத்தத் தொடங்குவதற்கு முன், அவனுடைய தலையெழுத்தை எழுதுவது யார் என்ற கேள்விக்கு விடை கண்டாக வேண்டும். மார்வெல் காமிக்ஸில் இடிக்கடவுள் தோரின் வளர்ப்புத் தம்பியாக வரும் லோகி இதற்கு நல்ல பாடம். 2021-லும் 2023-லும் தலா ஆறு அத்தியாயங்களாக வெளிவந்த அந்தத் தொடரை மூலக் காமிக்ஸோடு சேர்த்துப் படித்தால், எதைக் கைவிடலாம், எதைக் கைவிடவே கூடாது என்பது புலப்படும்.

முதலில் காமிக்ஸை நிதானமாகப் படியுங்கள். 1962-இல் 'ஜர்னி இன்டு மிஸ்டரி' இதழில் தோரின் பகைவனாக நுழைந்த லோகி, எத்தனை முறை தோற்றாலும் மீண்டும் சதி செய்ய வந்தான். தொடர்ந்து வெளியாகும் நாயகன் கதைக்கு நிலையான எதிரி தேவை என்பதால், அவனைத் திருந்த விடாமல் கட்டிப்போட்டது அந்த வெளியீட்டு முறைதான். 2014-இல் அல் ஈவிங் எழுதிய 'லோகி: ஏஜென்ட் ஆஃப் அஸ்கார்ட்' இதையே கதையாக மாற்றியது. முதுமையடைந்த லோகி எதிர்காலத்திலிருந்து வந்து, இளமைக்கால லோகி தன்னைப் போலவே ஆகியே தீரவேண்டும் என்று பாடுபடுகிறான். எனவே படிக்கும்போது சண்டைகளைக் குறித்துக்கொள்ள வேண்டாம். மாற முயலும் அவனைப் பழைய வேடத்துக்குள் திரும்பத் தள்ளுவது யார், எந்தச் சொல்லால் தள்ளுகிறார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பல பத்தாண்டுகளின் அந்தச் சுமை ஆறு அத்தியாயங்களில் தானாக உருவாகாது. ஆகவே விதிக்கு ஒரு முகவரி கொடுங்கள். வால்ட் சைமன்சன் 1986-இல் தோர் கதைகளில் அறிமுகப்படுத்திய காலக் கண்காணிப்பு நிறுவனமான டி.வி.ஏ.வைத் தொடரின் குழு எடுத்துக்கொண்டு, ஒற்றைக் காலவரிசையைக் காவல் காக்கும் அலுவலகமாக வளர்த்தது. அங்கே லோகி அதுவரை பேசிய அனைத்தும் தாள்களில் அச்சாகி அடுக்கப்பட்டிருக்கின்றன. சரிபார்த்துக் கையெழுத்திடச் சொல்கிறார் ஓர் எழுத்தர். பேரண்டத்தையே ஆட்டிப்படைத்த முடிவிலிக் கற்கள் மேசை இழுப்பறையில் கிடக்கின்றன. ஊழியர்கள் அவற்றைக் காகிதம் பறக்காமலிருக்க மேலே வைக்கிறார்களாம். விதியைப் பற்றி எவரும் நீண்ட வசனம் பேசுவதற்கு முன்பே, இந்த இடத்தில் தன் மந்திரம் செல்லாது என்பதை லோகியும் பார்வையாளரும் ஒருசேர உணர்ந்துவிடுகிறார்கள்.

அடுத்து, அவனுடைய முடிவை அவனுக்கே காட்டிவிடுங்கள், அதையும் முதல் அத்தியாயத்திலேயே செய்துவிடுங்கள். 2012-இல், 'அவெஞ்சர்ஸ்' படத்தில் வரும் நியூயார்க் போருக்குப் பின் தப்பிய லோகிக்கு, அவன் இன்னும் வாழாத வாழ்க்கை படச்சுருளாகத் திரையிடப்படுகிறது. தாயின் சாவுக்குத் தான் காரணமாகப் போவதையும், தந்தையை இழப்பதையும், அண்ணனோடு இணக்கமாவதையும், கொடியவன் தானோஸின் பிடியில் மூச்சடங்குவதையும் பார்த்த பிறகு, பிறரைத் துன்புறுத்துவதில் தனக்கு இன்பம் இல்லை என்றும், பலவீனத்தை மறைக்கவே அப்படி நடந்துகொண்டதாகவும் அவன் ஒப்புக்கொள்கிறான். தொடரிலேயே என்னை மிகவும் கலங்கவைத்த இடம் இதுதான். பல திரைப்படங்களின் மாற்றத்தைச் சில நிமிடங்களில் அடக்கும் இந்த உத்தியில் ஆபத்தும் உண்டு: கண்ணீர் விட்டவன் உடனே நல்லவனாகிவிட்டால் தந்திரக்காரன் காணாமல் போவான். ஆதலால் உண்மை தெரிந்த பிறகும் அவன் பொய் சொல்லட்டும், பேரம் பேசட்டும், தப்பிக்க வழி தேடட்டும்.

அவனுடைய தந்திரத்தை விதியின் ஓட்டையைக் கண்டுபிடிக்கவும் பயன்படுத்துங்கள். பேரழிவு நிகழும் இடத்தில் என்ன செய்தாலும் அடையாளம் மிஞ்சாது, அதனால் காவலர்களின் கருவிக்கும் அது புலப்படாது என்று ஊகிக்கும் லோகி, கி.பி. 79-இல் எரிமலையால் அழியப்போகும் ரோமானிய நகரமான பாம்பேயியில் கூச்சலிட்டு ஆர்ப்பரித்து அதை மெய்ப்பிக்கிறான். எல்லோரும் சாகப்போகும் இடத்தில்தான் முழுச் சுதந்திரம் கிடைக்கிறது என்ற கொடிய உண்மை அந்தக் கேளிக்கைக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது.

வேறு காலவரிசைகளில் வாழும் மாற்று லோகிகளைக் கூட்டமாகக் குவிப்பது எளிது. ஒருவருக்கு மட்டும் ஆழம் கொடுத்தாலே போதும். சிறுமியாக விளையாடிக்கொண்டிருந்தபோது டி.வி.ஏ.வால் கைதுசெய்யப்பட்ட, லோகியின் பெண் வடிவமான சில்வி, தான் செய்த குற்றம் என்னவென்று பின்னாளில் கேட்கிறாள்; பிடித்துச் சென்றவளோ நினைவில்லை என்கிறாள். விதியின் அநீதியை உணர்த்த அந்த ஒரு பதில் போதுமானது.

முடிவை எழுதும்போது, இரண்டு தீய வழிகளை மட்டும் நாயகன் முன் வையுங்கள். இரண்டாம் சீசனின் இறுதியில் லோகி சில்வியைக் கொல்ல வேண்டும், அல்லது கிளைத்த காலவரிசைகள் அழிவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவன் மூன்றாவது வழியாக, காலத்தை ஒற்றை வரிசையாக நெய்யும் இயந்திரமான காலத்தறியை உடைத்து, வாடும் கிளைகளைக் கைகளில் பிடித்துக்கொண்டு, தனியே ஓர் அரியணையில் அமர்கிறான். அரியணைக்காக ஏங்கியவனுக்கு அது நண்பர்களைப் பிரிந்த நிலையில் கிடைப்பதால்தான் அந்த முடிவுக்கு எடை உண்டாகிறது. விதியை உடைத்தவன் எந்த விலையும் கொடுக்காமல் வீடு திரும்புவதாக எழுதினால், அதுவரை காட்டிய கட்டுப்பாடுகள் எல்லாம் பொய்யாகிவிடும்.

இயந்திர விளக்கங்களில் மட்டும் சிக்கனம் காட்டுங்கள். காலத்தறி பழுதாவது பற்றிய உரையாடல்கள் இரண்டாம் சீசனின் நடுவே சற்றுக் கனத்துவிட்டன என்பது என் கருத்து. ஒரு கருவி நின்றுபோனால் யார் சாவார்கள் என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்ல முடியாவிட்டால், அந்தக் கருவியை மாற்றி எழுதுங்கள்.