தேத்தண்ணியா, கோப்பியா: சுயவிருப்பைப் பேசுமுன் ஆட வேண்டிய ஆட்டம்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் படிவம் 5 மாணவர்களை உட்காரவைத்து, "நம் தேர்வு நம்முடையதுதானா?" என்று கேட்டால் பேச்சு நேராகத் தலைவிதிக்குப் போய்விடும். அதனால் முதலில் ஆடவிடுங்கள்.

இருவருக்கு ஒரு தாள், ஓர் அட்டை, ஒரு 20 சென் நாணயம் போதும். முதலாமவர் 'தே' அல்லது 'கோ' என்று, எந்த ஒழுங்கும் இல்லாமல், இரண்டு விநாடிக்கு ஒன்றாக 100 முறை எழுத வேண்டும். எழுதியதை அட்டையால் மறைத்துக்கொண்டே போகட்டும். கண்ணில் பட்டால் திருத்தத் தோன்றும். நேரம் கூடுதலாகக் கொடுத்தாலும் கெட்டுவிடும். ஜன்னல் வழியே ஜாலான் துன் சம்பந்தனில் ஓடும் கார்களின் எண்ணைப் பார்த்து, ஒற்றைப்படைக்கு 'தே' என்று எழுத ஆரம்பித்துவிடுவார்கள்.

அடுத்தவர் நான்கு வரி அட்டவணை போடுகிறார்: தே-தே, தே-கோ, கோ-தே, கோ-கோ. அட்டையை நகர்த்தி ஒவ்வொன்றாகத் திறந்து, முந்தைய இரண்டுக்கும் பின் எது வந்தது என்று அதனதன் வரியில் கோடு போட வேண்டும். முதல் 20 அட்டவணையை நிரப்ப மட்டும். மீதி 80-இல், திறக்குமுன் அந்த வரியில் அதிகம் வந்ததைச் சொல்ல வேண்டும். சமமாக இருந்தால் நாணயம் சுண்டலாம்.

குருட்டாம்போக்கில் சொன்னாலே சுமார் 40 சரியாகும். 49-ம் அதற்கு மேலும் வெறும் அதிர்ஷ்டத்தால் கிடைப்பது நூற்றுக்கு ஏறக்குறைய மூன்று தடவைதான். 'தே' மூன்று முறை தொடர்ந்தாலே நமக்கு உறுத்தும், மாற்றிவிடுவோம். அட்டவணை பிடிப்பது அதைத்தான். ஒப்பிட, நாணயத்தை 100 முறை சுண்டியும் இதே கணக்கைப் போடுங்கள்.

மதிப்பெண், அதாவது சரியாகச் சொன்ன எண்ணிக்கை, ஏறியதும் "அப்போ சுதந்திரமே இல்லை" என்பார்கள். அவசரம் வேண்டாம். திருடவே திருடாதவரையும் கணித்துவிடலாம், அதற்காக அது அவர் தேர்வு இல்லையா? நாணயத்தைக் கணிக்க முடியாது, அதற்காக அதற்கு விருப்பம் உண்டா? கணிக்க முடியாமை பரிணாமத்தில் உயிர்காக்கும் கருவி: கரப்பான் ஒரே பக்கமாக ஓடினால் அதை வேட்டையாடும் விலங்குக்கு அது பழகிவிடும். 2007-இல் வெளியான ஆய்வில், எந்தத் தூண்டலும் இல்லாமல் கட்டிவைத்த பழ ஈக்கள் திரும்பிய விதம் வெறும் தற்செயலாகவும் இல்லை.

மூளை ஆய்வாளர் லிபெட்டின் 1983 சோதனையை யாராவது கட்டாயம் இழுப்பார்கள்: விரலை அசைக்கும் எண்ணம் உணரப்படுமுன்பே மூளை அலை எழுந்தது. அந்த அலை மூளை எடுத்த தீர்மானம் அல்ல, மூளையின் ஏற்ற இறக்கங்கள் சேர்ந்து எல்லையைத் தொடுவதே என்று 2012-இல் ஷுர்கர் குழு விளக்கியதையும் சேர்த்தே சொல்லுங்கள். பாதியைச் சொல்வது மாணவர்களுக்கு அநியாயம்.

கடைசியாக, எழுதியவரிடம் அவருடைய அட்டவணையையே காட்டி இன்னொரு 100 எழுதச் சொல்லுங்கள். மதிப்பெண் இறங்குகிறதா என்று பாருங்கள். நாணயத்திடம் அட்டவணையைக் காட்டிப் பயனில்லை. விவாதத்தை அங்கிருந்து தொடங்குங்கள்.