வீடு கட்ட ஊருக்கு வருகிறீர்களா? இன்ஜினியருக்கு முன்னால் பட்டாவைப் பாருங்கள்

வெளிநாட்டிலிருந்து ஒரு மாத லீவில் தர்மபுரிக்கோ கிருஷ்ணகிரிக்கோ வந்து வீட்டு வேலையை ஆரம்பித்துவிடலாம் என்று நினைப்பவர்கள் முதலில் தேடிப் போவது இன்ஜினியரைத்தான். பிளான் போட்டு, ஆடி கழிந்ததும் ஆவணியில் பூமி பூஜை என்று நாளும் குறித்துவிடுகிறார்கள். பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கிறது என்பது அப்புறம்தான் தெரிகிறது. இப்போதெல்லாம் கட்டட அனுமதி வாங்குவது பெரிய வேலை இல்லை. லீவைத் தின்பது நிலத்தின் காகிதங்கள்தான்.

அனுமதி ஏன் எளிது என்றால், 2024 ஜூலையில் தமிழக அரசு சுயசான்று முறையை, அதாவது விவரங்களுக்கு நாமே உறுதி கொடுத்து அனுமதி வாங்கும் முறையைக் கொண்டுவந்தது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில், 3,500 சதுர அடி வரை, தரைத்தளமும் முதல் தளமுமாக 7 மீட்டர் உயரத்துக்குள் கட்டும் குடியிருப்புக்கு ஒற்றைச் சாளர இணையதளத்தில் விண்ணப்பித்துப் பணம் கட்டினால் அனுமதி உடனே கிடைத்துவிடும். முன்கூட்டியே இடத்தைப் பார்க்க யாரும் வருவதில்லை. கட்டி முடித்த பிறகு நிறைவுச் சான்றும் தேவையில்லை. ஆனால் நீங்கள் கொடுக்கும் விவரங்களுக்கு நீங்கள்தான் பொறுப்பு. தவறு என்று தெரிந்தால் அனுமதி ரத்தாகும். சுயசான்று முறையின் வரம்பைத் தாண்டினால் வழக்கமான பரிசீலனைதான், அதற்கு நாளாகும்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டும் நகராட்சிகள், ஓசூர் மாநகராட்சி. ஊர் எல்லையில் இருக்கும் பல மனைகள் ஊராட்சியில் வரும். எதில் வருகிறது என்பதைப் பொறுத்துக் கட்டணம் மாறும். ஊராட்சியாக இருந்தாலும் இணையதளம் வழியாகத்தான் அனுமதி. யாராவது கையெழுத்துப் போட்டு ஒரு தாள் கொடுத்தால் அதை நம்பி அஸ்திவாரம் தோண்டாதீர்கள்.

இனி பட்டா. டிக்கெட் போடும் முன்பே அரசின் இணையதளத்தில் பட்டா, நில அளவை வரைபடம் இரண்டையும் எடுத்துப் பாருங்கள். நிலத்தின் மேல் பதிவான விற்பனை, அடமான விவரங்களைக் காட்டும் வில்லங்கத்தைப் பதிவுத்துறை தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். ஓடிபி வர ஓர் இந்திய செல்போன் எண் தேவைப்படும். அதை அணைத்துப் போட்டுவிடாதீர்கள். பட்டா இறந்தவர் பெயரில் இருந்தால் வாரிசுச் சான்று, அண்ணன் தம்பி, அக்கா தங்கை எல்லோரும் கையெழுத்திடும் பாகப்பிரிவினை, பதிவு, அப்புறம் பெயர் மாற்றம் என்று வரிசையாகப் போகும். பலர் பெயர் சேர்ந்திருக்கும் கூட்டுப் பட்டாவாக இருந்தால், உங்கள் பங்கைத் தனியாகப் பிரித்து உட்பிரிவு செய்ய சர்வேயர் நேரில் வந்து அளக்க வேண்டும். அன்றைக்குப் பக்கத்து நிலத்துக்காரரையும் வரச் சொல்லுங்கள். முள்செடிக்குள் புதைந்து கிடக்கும் அளவுக் கல்லை அவர் கண் முன்னாலேயே தேடி எடுத்துவிட்டால், பிற்பாடு காம்பவுண்டு சுவர் எழுப்பும்போது தகராறு வராது. சித்தப்பா பார்த்துக்கொள்வார் என்று இதை விட்டுவிடாதீர்கள், நீங்களே இருங்கள்.

மனை அங்கீகாரம் இல்லாத லேஅவுட்டில் இருந்தால், 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவானதா, அதை முறைப்படுத்திக் கொடுத்த வரன்முறை ஆணை இருக்கிறதா என்று கேளுங்கள். கிருஷ்ணகிரிப் பக்கம் மாந்தோப்பு வாங்கி நடுவில் வீடு கட்டும் ஆசை பலருக்கு உண்டு. வெளிநாட்டில் குடியிருக்கும் இந்தியரும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருப்பவரும் விவசாய நிலத்தையோ தோட்டத்தையோ பண்ணை வீட்டையோ விலைக்கு வாங்க அந்நியச் செலாவணி சட்டம் இடம் தருவதில்லை. அப்பா வழியில் வாரிசாக வந்த நிலம் வேறு விஷயம், அதை வைத்திருக்கலாம். உறவினர் பெயரில் வாங்கிவிடலாம் என்று யாராவது ஆலோசனை சொன்னால் அந்த வழிக்கே போகாதீர்கள்.

லீவு முடிந்து திரும்பிய பிறகு வேலையை நடத்த ஒருவருக்குப் பவர், அதாவது உங்கள் சார்பில் செயல்படும் அதிகாரப் பத்திரம் கொடுக்க வேண்டியிருக்கும். அனுமதி பெற, கட்ட, மின் இணைப்பு வாங்க என்று வேலைகளைப் பெயர் சொல்லி எழுதுங்கள். விற்கும் அதிகாரத்தை அதில் சேர்க்காதீர்கள், கூடப்பிறந்தவராக இருந்தாலும் சரி. வெளிநாட்டில் இருந்தபடி இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்புவதானால், அந்தப் பத்திரம் இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். பலர் கோட்டை விடும் இடம் இது.

பிளானில் மழைநீர் சேகரிப்புக் குழியைக் காட்டியே ஆக வேண்டும். நம் மாவட்டங்களில் அதைக் காகிதத்தோடு நிறுத்தாமல் நிஜமாகவே வெட்டுங்கள். பாறைப் பூமி, போர் போட்டாலும் தண்ணீர் கிடைப்பது நிச்சயமில்லை. கிடைக்கும் தண்ணீரிலும் பல இடங்களில் ஃப்ளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காகத்தான் வந்தது. போர் தண்ணீரைக் குழந்தைகளுக்குக் குடிக்கக் கொடுக்கும் முன் பரிசோதனைக்கு அனுப்புங்கள். குடிநீர் இணைப்புக்கான மனுவையும் நீங்கள் ஊரில் இருக்கும்போதே கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.