பழைய கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே நின்றுபோகிறதா? ஃபார்மட் அடிக்கும் முன் இதைப் பாருங்கள்

குளச்சலில் இருக்கும் மாமா வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் பத்துப் பன்னிரண்டு வயது இருக்கும். போன ஆடியில் ஒரு நாள் காலையில் பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறது, லைட் எரிகிறது, திரையில் கம்பெனி லோகோ வந்து அதோடு நின்றுவிட்டது. கடையில் கேட்டதற்கு ஃபார்மட் அடிக்க வேண்டும் என்றார்களாம். "மவளுக்க கல்யாண போட்டோ எல்லாம் இதுக்குள்ளதான் கெடக்கு, எல்லாம் போயிருமா மக்கா?" என்று மாமா போனில் கேட்டார். ஒன்றும் செய்ய வேண்டாம், பிளக்கைப் பிடுங்கி வையுங்கள், ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றேன்.

லோகோவிலேயே நிற்கிற மெஷினுக்கு ஃபார்மட் மருந்தே இல்லை. அந்த நேரத்தில் விண்டோஸ் இன்னும் எழும்பவே இல்லை, மதர்போர்டில் (எல்லாம் செருகியிருக்கும் பெரிய போர்டில்) இருக்கும் பயாஸ் என்ற தொடக்க புரோகிராம்தான் ரேம் (வேலை நடக்கும்போது பயன்படும் தற்காலிக நினைவகம்), ஹார்ட் டிஸ்க், யுஎஸ்பியில் செருகியவை என்று ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறது, ஏதோ ஒன்று பதில் சொல்லாததால் காத்து நிற்கிறது. அதனால் முதல் வேலை, எந்த இடத்தில் நிற்கிறது என்று கவனிப்பது. லோகோவிலா, விண்டோஸின் சுற்றும் வட்டத்திலா, டெஸ்க்டாப் வந்த பிறகா? மூன்றுக்கும் வைத்தியம் வேறு.

லோகோவில் நின்றால் பிரிண்டர், பென் டிரைவ், வெப்கேம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒருமுறை ஆன் செய்து பாருங்கள். சரியாகவில்லையா, சுவரில் பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து உள்ளே மிச்சமிருக்கும் கரண்டை இறக்கிவிட்டுப் பக்கத்து மூடியைத் திறக்கலாம். பெயின்ட் இல்லாத தகரத்தை ஒருமுறை கையால் தொட்டுவிட்டு அப்புறம் போர்டில் கை வையுங்கள், உடம்பில் தங்கியிருக்கும் நிலைமின்சாரம் (ஸ்டாட்டிக்) ரேமைக் கெடுத்துவிடும்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் நான் முதலில் சந்தேகப்படுவது ரேமைத்தான். தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் பெய்கிற ஊர், குளச்சல், முட்டம் பக்கம் என்றால் அதோடு உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும். மாமா வீட்டில் சிபியூ இருந்தது மேற்கு ஜன்னலுக்குக் கீழே. கேபினெட்டின் ஃபேன் அந்தக் காற்றைத்தான் வருஷக்கணக்காக உள்ளே இழுத்திருக்கிறது. ஸ்க்ரூ தலையெல்லாம் துரு, ரேமைக் கழற்றிப் பார்த்தால் தங்கமுலாம் பூசிய அந்தச் சின்னப் பற்கள் மங்கி, ஓரத்தில் நாலைந்தில் கறுப்பாகப் படிந்திருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வெள்ளை ரப்பரால் இரண்டு பக்கமும் மெதுவாகத் தேய்த்து, தூளைத் துணியால் துடைத்து, விரல் படாமல் ‘டக்’ என்று சத்தம் வரும்வரை அழுத்திப் போட வேண்டும். ஸ்லாட்டை வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் உள்ளே போகும், காய்ந்த பிரஷ் போதும். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் எது கெட்டது என்று தெரிந்துவிடும்.

அப்படியும் நிற்கிறது என்றால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஹார்ட் டிஸ்க்கின் சாட்டா கேபிளையும் (தகவல் போகும் கேபிள்) கரண்ட் கேபிளையும் கழற்றி மறுபடி ஆன் செய்யுங்கள். இப்போது லோகோவைத் தாண்டி, பூட் டிவைஸ் (விண்டோஸைத் தொடங்க ஒரு டிஸ்க்) இல்லை என்று எழுதிக் காட்டினால் குற்றவாளி டிஸ்க் அல்லது அந்தக் கேபிள். புதுக் கேபிள் மலிவுதான், முதலில் அதை மாற்றிப் பாருங்கள்.

மாமாவின் மெஷின் ரேமைத் துடைத்ததுமே லோகோவைத் தாண்டியது. ஆனால் விண்டோஸ் வட்டம் சுற்றி, நீலத் திரை வந்து, திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆனது. பயாஸுக்குள் போனால் தேதி பல வருஷம் பின்னால் இருக்கிறது. போர்டில் நாணயம் போலிருக்கும் சிஆர் 2032 பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. 3 வோல்ட் பேட்டரி, வாட்ச் கடையிலேயே கிடைக்கும். அது தீர்ந்தால் பயாஸ் செட்டிங் எல்லாம் கம்பெனி வைத்த ஆரம்ப நிலைக்குப் போய்விடும், அதில் சாட்டா மோட் (டிஸ்க்கோடு பேசும் முறை) ஏஹெச்சிஐயிலிருந்து ஐடிஇக்கு மாறியிருந்ததால்தான் விண்டோஸுக்குத் தன் டிஸ்க்கே தெரியவில்லை. பேட்டரியை மாற்றி, மோடைத் திருப்பி வைத்ததும் டெஸ்க்டாப் வந்துவிட்டது. இதற்குப் போய் ஃபார்மட் அடித்திருந்தால் அந்தக் கல்யாண போட்டோக்கள் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் எனக்கு இன்னும் பதறுகிறது.

நீலத் திரை இல்லாமல் வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தால் டிஸ்க் லைட்டைப் பாருங்கள். விட்டுவிட்டு மின்னினால் அப்டேட்டாக இருக்கலாம், அரைமணி நேரம் பொறுங்கள். டிக் டிக் என்று சத்தம் வந்தால் உடனே ஆஃப் செய்துவிடுங்கள். அந்த டிஸ்க்கில் செக் டிஸ்க் (விண்டோஸின் டிஸ்க் சோதிக்கும் புரோகிராம்) ஓட்டவே கூடாது, சாகக் கிடக்கிறதை ஓடவைப்பது போல அது. லினக்ஸ் (விண்டோஸுக்குப் பதிலாக மெஷினை இயக்கும் வேறொரு சிஸ்டம்) போட்ட பென் டிரைவில் பூட் செய்து, முக்கியமானதை முதலில் வேறு டிஸ்க்குக்கு எடுத்துவிடுங்கள். டிஸ்க் நன்றாக இருக்கிறது என்று உறுதியான பிறகு சேஃப் மோடில் (அத்தியாவசியமானதை மட்டும் வைத்து விண்டோஸ் எழும்பும் முறை) போய், கடைசியாகப் போட்ட டிரைவரை (பிரிண்டர் போன்ற ஒரு பாகத்தை இயக்கும் புரோகிராம்) நீக்கிப் பார்க்கலாம்.

டெஸ்க்டாப் வந்த பிறகு நிற்பது பெரும்பாலும் சின்ன விஷயம், டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பகுதிக்குப் போய் வேண்டாததை நிறுத்துங்கள்.

காலையில் இரண்டு தடவை நின்று, மூன்றாவது தடவை ஒழுங்காக எழும்புகிற மெஷின் என்றால் போர்டில் சின்ன உருளை போல நிற்கும் கெபாசிட்டர்களின் தலையைப் பாருங்கள், தட்டையாக இல்லாமல் உப்பியிருந்தால் அதுதான் காரணம். எஸ்எம்பிஎஸ்ஸும் (கரண்ட் கொடுக்கும் தகரப் பெட்டி) காரணமாகலாம், பயாஸில் 12 வோல்ட் லைன் 11.4க்கும் 12.6க்கும் நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் வந்தால் அதை முழுசாக மாற்றுங்கள், திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கும், உயிர் விஷயம்.

மாமாவுக்கு ஒரு சின்ன எஸ்எஸ்டி (சுற்றும் தட்டு இல்லாத புது வகை டிஸ்க்) வாங்கி விண்டோஸை அதற்கு மாற்றினேன். போட்டோக்களை இரண்டு இடத்தில் காப்பி எடுத்து, பழைய டிஸ்க்கை அழிக்காமல் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் போட்டு பீரோவில் வைத்தோம். சிபியூ இப்போது கிழக்குச் சுவர் ஓரம், தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில் இருக்கிறது.