ஓடுகிற சர்வரில் சர்வீஸை மாற்றும்போது செய்யக்கூடாத தவறுகள்

சர்வரை நிறுத்தாமலே அதில் ஒரு சர்வீஸைச் சேர்க்கலாம், எடுக்கலாம், போர்ட்டை மாற்றலாம், எல்லாம் ஒரு கான்ஃபிக் ஃபைலை வைத்தே முடியும் என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சேர்ப்பது உண்மையிலேயே சுலபம். எல்லா சர்வீஸுக்கும் பொதுவாக ஒரு பேஸ் கிளாஸ், அதில் ஒவ்வொரு சர்வீஸும் தன் விதத்தில் எழுதிக்கொள்ளும் நாலைந்து விர்ச்சுவல் ஃபங்ஷன், சர்வீஸின் கோடு இருக்கும் லைப்ரரியை மெமரியில் ஏற்ற டிஎல்ஓப்பன், அவ்வளவுதான், ஒரு மதியத்தில் ஓட ஆரம்பித்துவிடும். அதையே ஓடுகிற சர்வரிலிருந்து வெளியே எடுக்கும்போதுதான் சங்கதி தெரியும். நான் பார்த்த கோளாறுகளில் பாதிக்கு மேல் இந்த வெளியேறும் பக்கத்தை யாரும் யோசிக்காததால் வந்தவை.

சி++ உலகத்தில் இதற்கு நல்ல உதாரணம் 1990-களிலிருந்தே இருக்கும் ஏஸ் என்கிற நெட்வொர்க் புரோகிராமிங் ஃபிரேம்வொர்க். அதில் ஒவ்வொரு சர்வீஸுக்கும் இனிட் (தொடங்க), ஃபினி (முடிக்க), சஸ்பெண்ட், ரெஸ்யூம், இன்ஃபோ என்று ஃபங்ஷன்கள் உண்டு. எந்த லைப்ரரி, அதில் சர்வீஸ் ஆப்ஜெக்ட்டை உருவாக்கும் ஃபேக்டரி ஃபங்ஷன் எது, என்ன ஆர்க்யூமென்ட் என்று கான்ஃபிக் ஃபைலில் ஒரு வரி எழுதினால் சர்வீஸ் ஏறிவிடும், இன்னொரு வரி எழுதினால் இறங்கிவிடும். நடப்பது என்னவென்றால், இனிட்டைப் பார்த்துப் பார்த்து எழுதுகிறவர்கள் ஃபினியில் ஒரு ரிட்டர்ன் ஜீரோ போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள்.

ஃபினியில் வரிசை முக்கியம். முதலில் புதிய கனெக்‌ஷன் எடுப்பதை நிறுத்த வேண்டும். அப்புறம் கையில் இருக்கும் ரிக்வெஸ்ட்கள் முடியும்வரை காத்திருக்க வேண்டும், அதற்கும் ஒரு கால வரம்பு வைத்து, ஏனென்றால் ஒரே ஒரு கிளையன்ட் இணைப்பை விடாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் உங்கள் சர்வீஸ் என்றைக்கும் இறங்காது. அதன்பின் ஈவென்ட் லூப்பில், அதாவது நிகழ்வுகளுக்காகக் காத்திருந்து உரிய ஃபங்ஷனைக் கூப்பிடும் சுழற்சியில், பதிந்து வைத்த ஹேண்ட்லர்களை நீக்க வேண்டும், டைமர்களையும் சேர்த்துத்தான், பலர் மறப்பது டைமரைத்தான். சர்வீஸ் சொந்தமாகத் தொடங்கிய த்ரெட்கள் முடியும்வரை காத்திருந்து ஜாயின் செய்ய வேண்டும். இதற்கெல்லாம் பிறகுதான் ஆப்ஜெக்ட்டை அழிப்பது, கடைசியாக லைப்ரரியை இறக்கும் டிஎல்குளோஸ்.

இந்த வரிசை தப்பினால் வருகிற கிராஷ் ரொம்ப மோசமானது. ஆப்ஜெக்ட்டின் விர்ச்சுவல் டேபிளும் (எந்த ஃபங்ஷன் எங்கே என்று சொல்லும் பட்டியல்) அதன் ஃபங்ஷன்களும் அந்த லைப்ரரிக்குள்தான் இருக்கின்றன. லைப்ரரி மெமரியிலிருந்து போனபின் மிச்சமிருக்கும் ஒரு டைமர் அந்த ஆப்ஜெக்ட்டைக் கூப்பிட்டால் அங்கே ஒன்றுமே இருக்காது. ஸ்டாக் டிரேஸிலும் பெயர் இல்லாத வெறும் முகவரிகள்தான் தெரியும், எந்த சர்வீஸ் காரணம் என்று கண்டுபிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அழிக்கும் வேலையையும் லைப்ரரியே செய்யட்டும்: உருவாக்க ஒரு ஃபங்ஷன் கொடுத்தால் அழிக்கவும் ஒன்று கொடுங்கள், பேஸ் கிளாஸின் டிஸ்ட்ரக்டர் விர்ச்சுவலாக இருக்கட்டும். இதில் இன்னொரு குழப்பமும் உண்டு. டிஎல்குளோஸ் கூப்பிட்டால் லைப்ரரி கட்டாயம் இறங்கிவிடும் என்று நினைக்காதீர்கள். லினக்ஸில் பயன்படும் மஸ்ல் சி லைப்ரரியில் அந்த அழைப்பு எதையும் இறக்குவதே இல்லை, இன்னொரு சி லைப்ரரியான ஜிலிப்சியிலும் சில சி++ சிம்பல்கள் இருந்தால் லைப்ரரி அப்படியே தங்கிவிடும். அப்போது அதே ஃபைலை மறுபடி ஏற்றினாலும் குளோபல் வேரியபிள்களில் பழைய மதிப்புதான் இருக்கும். ஆரம்ப மதிப்புகளை எல்லாம் இனிட்டிலேயே வைத்துவிடுவது நல்லது.

புதிய பதிப்பைப் போடும்போது ஓடுகிற லைப்ரரி ஃபைலின் மேலேயே சிபி கமாண்டால் காப்பி செய்வதும் வழக்கமான தப்பு. லினக்ஸில் அந்த ஃபைல் புராசஸின் மெமரியில் மேப் ஆகியிருக்கிறது, நீங்கள் அதன் உள்ளடக்கத்தையே மாற்றினால் ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம் கோடு காலடியிலேயே மாறிவிடும். வேறு பெயரில் காப்பி செய்து அதே ஃபைல் சிஸ்டத்துக்குள் எம்வி கமாண்டால் பெயரை மாற்றினால், ஓடுகிற புராசஸ் மேப் செய்திருக்கும் பழைய ஃபைலின் உள்ளடக்கம் அப்படியே பத்திரமாக இருக்கும்.

அடுத்து சிக்னல். யூனிக்ஸ் பக்கம் சிக்ஹப் என்ற சிக்னல் வந்தால் கான்ஃபிக்கை மறுபடி படி என்பது, மற்ற சர்வீஸ்களைத் தொடங்கிவைக்கும் பழைய புரோகிராமான ஐநெட்டி காலத்து வழக்கம். அந்த சிக்னல் ஹேண்ட்லருக்குள்ளேயே ஃபைலைத் திறந்து, பார்ஸ் செய்து, ஆப்ஜெக்ட் உருவாக்குகிற கோடை இன்னும் பார்க்க முடிகிறது. மெமரி ஒதுக்கும் மால்லாக் ஃபங்ஷனின் நடுவில் சிக்னல் வந்து, ஹேண்ட்லரும் மால்லாக்கைக் கூப்பிட்டால் சர்வர் அப்படியே தொங்கிவிடும், அதுவும் எப்போதாவது ஒருமுறை. ஹேண்ட்லர் ஒரு கொடியை (ஃபிளாக் வேரியபிள்) மட்டும் ஏற்றிவிட்டுத் திரும்பட்டும், மீதி வேலையை ஈவென்ட் லூப் பார்த்துக்கொள்ளும். ஏஸும் அதைத்தான் செய்கிறது.

படித்தாகிவிட்டது, சரி, இனி அமல்படுத்துவது. பழையதை மூடிவிட்டுப் புதியதைத் திறக்கப் போய், கான்ஃபிக்கில் ஒரு எழுத்துப் பிழையால் இரண்டும் இல்லாமல் நிற்பவர்கள் உண்டு. என்ஜின்எக்ஸ் வெப் சர்வர் செய்வதைப் பாருங்கள்: மாஸ்டர் புராசஸ் முதலில் புதிய கான்ஃபிக்கைச் சோதிக்கும், சாக்கெட்டுகளைத் திறந்து பார்க்கும், எல்லாம் சரியாக இருந்தால்தான் புதிய வொர்க்கர்களைத் தொடங்கிப் பழையவர்களை மெல்ல விலகச் சொல்லும். ஏதாவது தவறினால் பழைய கான்ஃபிக்கிலேயே ஓடிக்கொண்டிருக்கும். உங்கள் கிளாஸிலும் சரிபார்ப்பது ஒரு ஃபங்ஷன், அமல்படுத்துவது வேறு ஃபங்ஷன் என்று பிரித்தால் பாதி வேலை முடிந்தது. இங்கே ஒரு பொறி: ரூட்டாகத் தொடங்கி அப்புறம் சாதாரண யூசராக இறங்கிய சர்வரில், ஓடும்போது போர்ட்டை 8080-இலிருந்து 80-க்கு மாற்றச் சொன்னால் சாதாரண லினக்ஸ் அமைப்பில் பைண்ட் (போர்ட்டைப் பிடிக்கும் கால்) தோற்றுப்போகும், 1024-க்குக் கீழே உள்ள போர்ட்டுகளுக்குத் தனி அனுமதி வேண்டும்.

கான்ஃபிக்கை ஒரு குளோபல் சிங்கிள்டனில், அதாவது எல்லோருக்கும் பொதுவான ஒரே ஆப்ஜெக்ட்டில் வைத்து எல்லா த்ரெட்டும் அதையே படிப்பதும் வேண்டாம். ஒரு ரிக்வெஸ்ட் பாதியில் பழைய டைம்அவுட்டையும் மீதியில் புதிய முகவரியையும் எடுத்துக்கொள்ளும். மாறாத ஒரு கான்ஃபிக் ஆப்ஜெக்ட் உருவாக்கி, அதைச் சுட்டும் ஷேர்டு பாயின்டரை ஒரே அட்டாமிக் மாற்றத்தில், அதாவது யாருக்கும் பாதி மாறிய நிலை தெரியாதபடி, மாற்றுங்கள். ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டும் தொடங்கும்போது ஒருமுறை எடுத்து, கடைசிவரை அதையே வைத்துக்கொள்ளட்டும்.

பாதுகாப்பு பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. லைப்ரரியின் பெயரைக் கான்ஃபிக்கில் எழுத முடியும் என்றால் அந்த ஃபைலை எழுத முடிந்தவர் உங்கள் சர்வரின் அனுமதியோடு எந்தக் கோடையும் ஓட்ட முடியும். முழுப் பாதை கொடுங்கள், எழுதும் அனுமதியைச் சுருக்குங்கள்.

அப்புறம், எல்லா சர்வீஸுக்கும் இது தேவையா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். லோடு பேலன்சருக்குப் பின்னால் நாலு கன்டெய்னர் ஓடுகிற இடத்தில் ஒவ்வொன்றாக ரீஸ்டார்ட் செய்துவிட்டுப் போகலாம், லைப்ரரி இறக்குகிற வம்பே வேண்டாம். நீண்ட கனெக்‌ஷன்களைத் துண்டிக்க முடியாத சர்வருக்கும், ரீஸ்டார்ட் ஆக வெகுநேரம் பிடிக்கிற சாதனத்துக்கும்தான் இவ்வளவு பாடு நியாயம். அப்படிப்பட்ட சர்வர்தான் உங்களுடையது என்றால், டிராஃபிக் ஓடும்போதே ஒரு சர்வீஸை ஆயிரம் முறை ஏற்றி இறக்கும் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, ஒவ்வொரு முறையும் த்ரெட் எண்ணிக்கையும் திறந்திருக்கும் ஃபைல் டிஸ்கிரிப்டர் எண்ணிக்கையும் தொடங்கிய இடத்துக்கே திரும்புகிறதா என்று பாருங்கள்.