பழைய புத்தகத்தில் பெயர் எழுதியவரைத் தேடிப் பிடிப்பது எப்படி

முதல் பக்கத்தில் ஒரு பெயர் இருந்தால், உடனே அதைப் பேஸ்புக்கில் போட்டுத் தேடாதீர்கள். ஒரே தலைப்பெழுத்தில் எத்தனையோ சுப்பிரமணியன்கள் வருவார்கள். நான் தபால் பிரிக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். முகவரியைக் கீழிருந்து மேலே படிப்பதுதான் எங்கள் வழக்கம்: ஊர், தெரு, கடைசியில்தான் ஆள். புத்தகத்துக்கும் அதுவே சரி. அதற்கும் முன்னால் காலத்தைப் பிடித்துவிட வேண்டும்.

ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் அது 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிறகு எழுதியது. வெறும் 'மெட்ராஸ்-4' என்றால் அதற்கு முந்தையதாக இருக்கலாம். ஆனால் பழக்கத்தில் பின்னாலும் பலர் அப்படி எழுதினார்கள். அந்த 4-தான் 600004, மயிலாப்பூர். கையெழுத்தில் யானைத் துதிக்கை போன்ற கொம்பு வைத்த பழைய லை, னை இருந்தால், எழுதியவர் பெரும்பாலும் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் பள்ளியில் படித்தவர். 'நந்தன வருஷம் ஆவணி' என்று மட்டும் இருந்தால் 1892, 1952, 2012 மூன்றும் பொருந்தும். புத்தகம் அச்சான ஆண்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஊருக்கு வருவோம். 'தென் ஆற்காடு மாவட்டம்' என்று எழுதியிருந்தால் இன்றைய கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பக்கம் தேட வேண்டும். சென்னையில் தெருப் பெயரே மாறியிருக்கும்: பைகிராப்ட்ஸ் ரோடு இன்று பாரதி சாலை. கதவு எண்ணிலும் பழையது, புதியது என்று இரண்டு உண்டு. நீங்கள் கேட்க வேண்டியது பழையதை.

அப்புறம் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டுங்கள். பஸ் டிக்கெட், காலண்டர் தாள் எல்லாம் கிடைக்கும். எனக்கு மிகவும் பிடித்தது கல்யாணப் பத்திரிகை. திருவல்லிக்கேணி நடைபாதையில் வாங்கிய ஒரு சித்த மருத்துவ நூலுக்குள் ஒன்று இருந்தது. முதல் பக்கத்தில் இருந்த பெயர், பத்திரிகையில் மணமகனின் தாத்தா பெயராக வந்தது. பூர்வீக ஊர், இருந்த ஊர், சித்தப்பாமார் பெயர்கள், குடும்பக் கடை என்று ஒரே தாளில் எல்லாம் இருந்தன. இதைவிட நல்ல தடயத்தை நான் பார்த்ததில்லை. பத்திரிகை அந்த வீட்டாருடையதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, அழைக்கப்பட்டவருடையதாகவும் இருக்கலாம்; அதனால் பெயர் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டே நம்புங்கள்.

கிராமம் என்றால் நேரே கிளை அஞ்சலகத்துக்குப் போய்ப் பெரியவர் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். வீடு மாறிப் போனவர்களைக்கூடத் தபால்காரர் நினைவு வைத்திருப்பார்.

நூலக முத்திரை மட்டும் இருந்து, நீக்கியதற்கான அடையாளம் இல்லையென்றால், அந்த நூலகத்திடமே கேட்டுவிடுவது முறை.

குடும்பத்தின் முகவரியையும் போன் நம்பரையும் இணையத்தில் போடவே கூடாது. பல வீடுகளில் பெரியவர் இறந்த பிறகுதான் புத்தகங்கள் எடைக்குப் போயிருக்கும். அது அவர்களுக்கு வலிக்கிற விஷயமாக இருக்கலாம். போனில் திடீரென்று கேட்காமல் கடிதம் எழுதுங்கள். கையெழுத்துள்ள பக்கத்தின் நகலை வையுங்கள். பணம் எதுவும் கேட்கவில்லை, புத்தகம் வேண்டுமென்றால் தருகிறேன் என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.