சிலிக்கன் மேல் வெள்ளித் துணிக்கைகள்: இறுதியாண்டு ஆய்வில் விடக்கூடாத பிழைகள்

வன்னி வெயிலில் இருந்துகொண்டு சூரியகலத்தைப் பற்றி யோசிக்காமல் இருக்க முடியாது, அதனால் அறிவியல்நகர், பம்பைமடு பல்கலைக்கழக வளாகங்களில் ஆய்வுத் தலைப்புத் தேடுகிற பிள்ளைகள், ஒளியைச் சிதறிக் கூடுதலாக உள்ளே அனுப்பும் என்று நம்பி, சிலிக்கன் மேல் வெள்ளி, பொன் நனோத்துணிக்கைகளைப் பதித்துப் பார்ப்போம் என்று வந்தால் வியப்பில்லை. நல்ல தலைப்புத்தான், ஆனால் வழுக்குகிற இடங்கள் நிறைய.

முதலில், துணிக்கைகள் போத்தல் நீரில் மிதக்கையில் அளந்த பரிவு அலைநீளத்தை, அதாவது அவை ஒளியோடு மிக வலுவாக ஊடாடும் அலைநீளத்தை, அப்படியே சிலிக்கன் மேற்பரப்புக்குக் கொண்டுபோகாதீர்கள். நீரில் மிதக்கும் சிறு வெள்ளித் துணிக்கை 400 நனோமீற்றரை ஒட்டிப் பரிவு காட்டும், பொன் என்றால் 520 அளவில். நீரின் முறிவுச்சுட்டி (ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதன் அளவு) 1.33, கட்புல ஒளியில் சிலிக்கனுடையதோ ஏறத்தாழ 4. அதே துணிக்கை அங்கே போய் உட்கார்ந்தால் பரிவின் உச்சி சிவப்புப் பக்கம், அதாவது நீண்ட அலைநீளங்களை நோக்கி, நகரும், அகலும். இடையிலுள்ள ஓரிரு நனோமீற்றர் ஒட்சைட்டுப் படை கூட உச்சியை நகர்த்திவிடும், ஆகவே அதன் தடிப்பைக் கட்டாயம் குறித்து வையுங்கள். சிலிக்கன் தகட்டினூடு கட்புல ஒளியை விட்டு ஊடுகடத்தலை அளக்க முயல்வதும் வீண்வேலை, அது ஏறத்தாழ 1100 நனோமீற்றருக்குக் கீழே ஒளியை விழுங்கிவிடும். தெறிப்பை அளவுங்கள்.

பெரிய பிழை அதற்கு அப்புறம்தான் வரும். தெறிப்புக் குறைந்து தகடு கறுத்ததும் மின்னோட்டம் கூடும் என்று எழுதிவிடுகிறார்கள். தெறிக்காத ஒளி எல்லாம் சிலிக்கனுக்குள் போனதா என்ன? உலோகமே ஒரு பங்கை உறிஞ்சி வெப்பமாக்கும், சரிவாகச் சிதறிய இன்னொரு பங்கு உணரியில் விழாமலே போயிருக்கும், அதையும் சேர்த்தளக்க, எல்லாத் திசையிலும் சிதறும் ஒளியைத் திரட்டும் ஒருங்கிணைக்கும் கோளம் வேண்டும். உறிஞ்சல் துணிக்கையின் கனவளவோடும் சிதறல் கனவளவின் வர்க்கத்தோடும் கூடுவதால் மிகச் சிறிய துணிக்கைகள் பெரும்பாலும் சூடாக்கும் வேலையைத்தான் செய்கின்றன. இன்னுமொன்று: முன்பக்கத்தில் பதித்தால், பரிவுக்குக் குறைந்த அலைநீளங்களில், சிதறிய அலையும் நேராக நுழையும் அலையும் ஒன்றையொன்று குறைத்து உள்ளே போகிற ஒளியையே மட்டுப்படுத்தும். பின்பக்கம் பதிப்பவர்கள் சும்மா பதிக்கவில்லை. துணிக்கை உள்ள தகட்டிலும் இல்லாத தகட்டிலும் ஒளிமின்னோட்டத்தை அலைநீளம் அலைநீளமாக அளந்த பிறகே வாய்திறவுங்கள்.

ஒழுங்கான கோலமாகப் பதித்தால், உச்சி துணிக்கையால் வருவதா துணிக்கைகளுக்கு இடையிலான இடைவெளியால் வருவதா என்றும் பார்க்க வேண்டும். ஒளி விழும் கோணத்தை (படுகோணத்தை) மாற்றும்போது உச்சி நன்றாக நகர்ந்தால் இடைவெளியைச் சந்தேகியுங்கள். அதே அளவுத் துணிக்கைகளை வேறு இடைவெளியில் பதித்தும் அளந்தால் விஷயம் வெளிக்கும்.

சோளகம் வீசும் காலத்தில் மாதிரியை மேசையில் திறந்து வைக்காதீர்கள், தூசும் ஒளியைச் சிதறும். வெள்ளியோ காற்றிலுள்ள கந்தகச் சேர்வைகளால் தானாகவே கறுக்கும், ஆகவே பதித்த அன்றே முதல் அளவீட்டை எடுத்து, திகதியையும் எழுதிவிடுங்கள்.